உத்திரமேரூரில் மனையும் அகமும்: தனியார் உரிமையிலுள்ள பழமையான வீடுகளின் பாதுகாப்பும் உரிமையாளர் நிலையும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தின் பழமைப் பாதுகாப்புச் சட்டங்கள் கோயில், கோட்டை, கல்வெட்டு ஆகியவற்றை மையமாகக் கொண்டு உருவானவை. மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்துவரும் பழைய வீடுகள் அச்சட்டங்களின் ஓரத்திலேயே நிற்கின்றன. உத்திரமேரூரில் இம்முரண் தெளிவாகப் புலப்படுகிறது. சொந்த மனையில் வீடு எடுத்துக் குடியிருத்தலை ஊராட்சித் தகுதியாக விதித்த கல்வெட்டு இன்று பாதுகாக்கப்படுகிறது. அதைச் சூழ்ந்த வீடுகளின் உரிமையாளரோ அப்பாதுகாப்பின் கட்டுப்பாட்டை மட்டுமே பெறுகின்றனர். வீட்டுரிமையின் வரலாறு, பழைய வீடுகளின் பராமரிப்பு, வாரிசுரிமை, நடப்புச் சட்டங்கள், பிற இடங்களின் முயற்சிகள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை உரிமையாளருக்கான ஆதரவு எத்தகையதாக அமைதல் வேண்டும் என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உத்திரமேரூர், மனை, அகம், மிராசு, குடியிருப்பு, தொல்லியல் சட்டம், பாகப்பிரிவினை, பழைய வீடுகள்

முன்னுரை

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் குடவோலை முறையின் சான்றுகளாகப் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. வெங்கையா இந்திய தொல்லியல் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் இவற்றை வெளியிட்ட காலந்தொட்டு, நீலகண்ட சாஸ்திரியாரின் ஆய்வு, 1970இல் பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் இணைந்து வெளியிட்ட உத்திரமேரூர் பற்றிய பிரெஞ்சு நூல் என ஆய்வு மரபு நீண்டுள்ளது. பள்ளிப் பாடநூல்களும் அரசியல் மேடைகளும் இக்கல்வெட்டுகளை மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டுகின்றன.

வாரியத் தகுதிகளை அடுக்கும் பகுதியில் வயது, வேதக் கல்வி, கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் ஆகியவை பலராலும் குறிப்பிடப்படுகின்றன. அவற்றோடு நிற்கும் இன்னொரு தகுதி அவ்வளவு கவனம் பெற்றதில்லை. வாரியத்துக்குரியவன் தனக்கு உரிய மனையில் அகம் எடுத்துக் குடியிருப்பவனாக இருத்தல் வேண்டும் என்பதே அது. நிலம் இருந்தால் மட்டும் போதாது. பிறர் மனையில் ஒண்டியிருப்பவனும் வெளியூரில் வாழ்பவனும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தக்கவன் அல்லன். மனையின் உரிமை, வீட்டைக் கட்டுதல், அதில் வாழ்தல் என்னும் மூன்றும் ஒருங்கே கோரப்பட்டன. 'அகம்' என்னும் அச்சொல் இன்றும் 'ஆம்', 'ஆத்து' எனச் சிலரின் பேச்சுவழக்கில் வீட்டைக் குறித்து வழங்குவது கருதத்தக்கது.

அக்கல்வெட்டைத் தாங்கிய கோயில் இன்று இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கல்வெட்டு கூறும் அகங்களுள் ஒன்றேனும் எஞ்சவில்லை. மண்ணும் மரமும் செங்கல்லும் கொண்டு எழுந்த குடியிருப்புகள் ஆயிரம் ஆண்டுகள் நிலைத்திரா. ஆயினும் அவை நின்ற ஊரமைப்பின் தொடர்ச்சியில், 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கட்டப்பெற்ற திண்ணை வீடுகள் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் இன்றும் காணப்படுகின்றன. இவை ஒவ்வொன்றாக மறைந்துவருவதற்கு உரிமையாளரின் அறியாமையே காரணம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன.

வீட்டுரிமையின் வரலாறு

பழைய வீட்டைப் பாதுகாத்தல் பற்றிய பேச்சு, அவ்வீட்டைக் கட்டும் உரிமை யாருக்கு இருந்தது என்னும் வினாவைத் தவிர்த்துச் செல்வது பொருந்தாது. இடைக்காலத் தமிழகத்தில் வீட்டின் கட்டுமானப் பொருள்கூடச் சலுகையாக வழங்கப்பட்டது. பிரமதேயச் செப்பேடுகள் கொடைபெற்றோர்க்கு அளிக்கும் பரிகாரங்களின் வரிசையில், சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளும் உரிமையும் இடம்பெறுகிறது. கொங்கு நாட்டுக் கம்மாளருக்கு அரசன் வழங்கிய ஆணையொன்று, இரட்டைச் சங்கு ஊதுதல், பேரிகை கொட்டுதல், செருப்பணிதல் ஆகியவற்றுடன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே அளிக்கிறது. சுவரைப் பூசுவதற்கு அரசாணை வேண்டியிருந்த சமூகத்தில், பூசப்படாத சுவர்கள் மழையில் கரைந்துபோனதில் வியப்பில்லை. எந்த வீடு எஞ்சியது, எது எஞ்சவில்லை என்பது காலத்தின் தற்செயல் விளைவு மட்டுமன்று.

பிற்காலத்தில் இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. தமிழகத்தில் மிராசு முறை மிக வலுவாக வேரூன்றியிருந்த நிலப்பகுதி இதுவே. எல்லிஸ் மிராசு உரிமை பற்றிய 17 வினாக்களுக்கு 1810களில் அளித்த விடைகள் இம்முறையை விரிவாக விளக்குகின்றன. மிராசுதாரரின் பங்கு என்பது வயலோடு நின்றதன்று. ஊர் நத்தத்தில் மனையும் கொல்லையும் அப்பங்கோடு இணைந்தவை. அக்கிரகாரமாயினும் வேளாளர் தெருவாயினும் அகன்ற மனை, நீண்ட கொல்லை, கிணறு என அமைந்த வீட்டின் வடிவம் இவ்வுரிமையின் புற வெளிப்பாடாகும்.

அதே முறையின் மறுபக்கத்தைச் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கை காட்டுகிறது. ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருந்த மனைகள் மீதும் மிராசுதாரர் உரிமை கோரினர். வேலையிலிருந்து விலகுவோர் குடிசையையும் இழக்கும் அச்சத்தில் வாழ்ந்தனர். தான் கட்டிய குடிசை நிற்கும் மண் தனதல்லாத ஒருவர் அதில் நிலையான சுவரை எழுப்ப முனைவது அரிது. இவ்வறிக்கையின் தொடர்ச்சியாகவே 1892ஆம் ஆண்டின் நில ஒதுக்கீட்டு ஆணை பிறந்தது; 'பஞ்சமி நிலம்' என இன்று வழங்கப்படுவது அதன் விளைவு. எனினும் வேளாண் தொழிலாளர் குடியிருந்த மனை அவர்க்கே உரியது என்னும் பொதுவான சட்டம் வருவதற்கு, 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர் உரிமை வழங்கும் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சொல்வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. பராந்தகன் காலக் கல்வெட்டில் 12 சேரிகளும் 30 குடும்புகளும் பேசப்படுகின்றன. அச்சேரிகள் சதுர்வேதிமங்கலத்தின் உட்பிரிவுகள். பின்னாளில் அதே சொல் ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டோரின் குடியிருப்பைக் குறிப்பதாயிற்று. 'வரலாற்று வீடு' என்னும் பட்டியலை நூறாண்டு வயது, தேக்குத் தூண், சுண்ணாம்புச் சாந்து ஆகிய அளவுகோல்களை மட்டும் கொண்டு தயாரித்தால், அப்பட்டியல் பழைய உரிமை வேறுபாட்டை அப்படியே படியெடுத்ததாகவே அமையும்.

வீட்டின் அமைப்பும் பராமரிப்பும்

எஞ்சியுள்ள வீடுகளின் பொதுவான அமைப்பு பலரும் அறிந்ததே. தெருவை நோக்கிய திண்ணை, அதன் மேல் மரத்தூண்கள் தாங்கும் சாய்கூரை, ரேழி, வானம் பார்த்த முற்றம், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், கூடம், அறைகள், அடுக்களை, கிணற்றடி, கொல்லை எனத் தெருவிலிருந்து பின்னோக்கி வீடு நீள்கிறது. அடுத்தடுத்த வீடுகள் பக்கச் சுவரைப் பொதுவாகக் கொண்டிருப்பதும் உண்டு. ஒரு வீட்டை இடிக்கும்போது அடுத்த வீட்டின் சுவர் வெடிப்பதற்கு இதுவே காரணம். ஆகவே இவ்வீடுகளைத் தனித்தனிப் பொருள்களாகக் கருதாமல் தெருவை ஓர் அலகாகக் கொள்வதே பொருத்தமாகும்.

காஞ்சிபுரம் வட்டாரத்தின் நெசவாளர் வீடு இவ்வமைப்பிலிருந்து வேறுபட்டது. அங்கு வீடே தொழிற்கூடம். குழித்தறி அமைந்த நீண்ட கூடமே வீட்டின் நடுவிடம். உறங்கும் இடமும் சமையலிடமும் தறிக்கு இடம்விட்டு ஒதுங்கியவை. பாவை நீட்டி விரித்து ஒழுங்குசெய்யத் தெரு பயன்பட்டது. தறி நின்றுபோன வீட்டில் அக்கூடத்துக்குப் பயன் இல்லை. பயனற்ற கூடம் முதலில் தடுக்கப்பட்டு வாடகை அறையாகிறது, பின்பு இடிபடுகிறது. இத்தகைய வீட்டைக் காத்தல் நெசவாளரின் கூலியோடு பிணைந்த சிக்கலாகும்.

கூரையே இவ்வீடுகளின் உயிர்நிலை. நாட்டு ஓடு வேய்ந்த கூரையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகக் கலைத்து, உடைந்த ஓட்டை நீக்கி, மீண்டும் அடுக்குதல் வேண்டும். ஊரில் குரங்குகள் பெருகிய பின் ஓடு கலைவது இன்னும் விரைவாயிற்று. நாட்டு ஓடு சூளையிடுவோர் குறைந்துவிட்டனர். பழைய வீடு இடிக்கப்படும் இடத்தில் கிடைக்கும் ஓடே மற்றொரு பழைய வீட்டுக்கு மாற்று ஓடாகிறது. ஒரு வீட்டின் அழிவே இன்னொரு வீட்டின் ஆயுளுக்கு ஆதாரமாக இருப்பது, இப்பராமரிப்பு எவ்வளவு மெலிந்த நிலையில் நடைபெறுகிறது என்பதை உணர்த்தும். ஓர் ஓடு விலகிய இடத்தில் ஒழுகும் நீர் கைமரத்தை நனைக்கிறது. நனைந்த மரத்தில் கரையான் ஏறுகிறது. கைமரம் இற்றபின் உத்தரம் தாழ்கிறது. முதல் ஆண்டில் ஓரிரு நாள் கூலியோடு முடிந்திருக்கக்கூடிய வேலை, சில ஆண்டுகளில் கூரை முழுவதையும் மாற்றும் செலவாகிறது.

மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தட்டையான கூரையின் சிக்கல் வேறு. தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைவிட்டமாகப் பதித்து, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த காரையிட்டு, தட்டோடு பாவுவது இதன் முறை. சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்து, செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் சேர்க்கும் பக்குவம் அறிந்த கொத்தனார்கள் அருகிவிட்டனர். அவர்க்குப் பதிலாக வருவோர் சிமெண்டைப் பூசுகின்றனர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்பினது. சிமெண்டுப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளே அடைக்கிறது. உப்புப் பூத்துச் செங்கல் பொரிகிறது. நல்லெண்ணத்தோடு செய்த செப்பனிடலே வீட்டைக் கெடுத்துவிட்ட நிகழ்வுகள் மிகுதி. பழுது பார்க்கப் பணம் அளிப்பது மட்டும் உரிமையாளருக்குப் போதுமான உதவியாகாது என்பதற்கு இதுவே காரணம். வேலை தெரிந்த கையும் பொருத்தமான பொருளும் பணத்துக்கு முன்னால் தேவைப்படுகின்றன.

சட்டத்தின் நிலை

1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத கட்டடங்களைத் தொன்மைச் சின்னமாகக் கொள்ள இடமளிக்கிறது. தனியார் உரிமையிலுள்ள சின்னத்தின் பொருட்டு உரிமையாளரோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் வழி அதன் 6ஆம் பிரிவில் உள்ளது. பராமரிப்பு, பொதுமக்கள் பார்வையிடும் வசதி, விற்பனைக்கு முன் அறிவித்தல் ஆகியவற்றுடன், பராமரிப்புச் செலவை ஈடுசெய்வதும் அவ்வுடன்படிக்கையில் இடம்பெறலாம். 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதே அமைப்புடையது. ஆக, உரிமையாளரை வீட்டிலிருந்து அகற்றாமலே காக்கும் கருவி சட்டத்தில் முன்பே உள்ளது. அது கோயில்களையும் கோட்டைகளையும் மனத்தில் கொண்டு செயற்படுத்தப்பட்டதால், சாதாரணக் குடியிருப்பின் திசையில் திரும்பவில்லை.

உத்திரமேரூர் உரிமையாளருக்கு நாள்தோறும் பொருள்படுவது அச்சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தமாகும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சூழ்ந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. வைகுந்தப் பெருமாள் கோயில் வயல்வெளியில் தனித்து நிற்பதன்று. ஊரின் நடுவே உள்ளது. தடைப் பகுதியில் 1992 ஜூன் 16ஆம் நாளுக்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் உரிமையாளர் விண்ணப்பித்து ஒப்புதல் பெறலாம். மறுகட்டுமானத்துக்கான விண்ணப்பம் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதிக்கு மட்டுமே பேசப்பட்டுள்ளது. கூரை இற்று, வீடு முழுவதும் சரிந்துவிட்டால், தடைப் பகுதியில் உள்ளவர் அதே அளவில் அதே வடிவில் எழுப்புவதற்கும் தெளிவான வழி இல்லை.

இக்கட்டுப்பாட்டின் நோக்கம் நியாயமானது. பல்லவர், சோழர் காலக் கட்டடத்தை ஒட்டி அடுக்குமாடிகள் எழுவதைத் தடுக்க வேறு கருவி இல்லை. எனினும் அதன் விளைவை உரிமையாளரின் பக்கத்திலிருந்தும் நோக்குதல் வேண்டும். அவரது திண்ணை வீடு நூறாண்டுப் பழமையுடையதாயினும் சட்டத்தின் பார்வையில் அது சின்னமன்று. சின்னத்துக்கு அருகிலுள்ள 'கட்டடம்' மட்டுமே. பழைய வீட்டுக்கும் அதன் பக்கத்திலுள்ள 1985ஆம் ஆண்டுக் கான்கிரீட் வீட்டுக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே காத்திருப்பு. பழையதைக் காப்பவர்க்குச் சலுகையும் இல்லை, பாராட்டும் இல்லை.

நகரங்களில் நிலைமை சிறிது மாறியுள்ளது. சென்னை அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் வழங்கிய தீர்ப்பு, பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலுக்கும் பாதுகாப்புக் குழுவுக்கும் வலுவளித்தது. அதன் பயன் சென்னைப் பெருநகர்ப் பகுதியோடு நிற்கிறது. மாநிலம் முழுமைக்குமான தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்ட பின்னரும் நெடுங்காலம் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. மைய அரசு 2015இல் தொடங்கிய ஹிருதய் திட்டத்தில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. குளம், சாலை, கோயில் சூழல் ஆகியவையே அதன் கவனத்தைப் பெற்றன. தனியார் வீட்டின் கூரைக்கு அதில் இடமில்லை.

வரிச் சட்டத்தின் சாய்வு இன்னும் கூர்மையானது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டப்படி, தாம் குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ பெற்ற கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 2,00,000 ரூபாய் வரை கழிவு இருந்தது. பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ பெற்ற கடனாயின் 30,000 ரூபாய் மட்டுமே. அதே சட்டத்தின் 10(19ஏ) பிரிவு, முன்னாள் சமஸ்தான மன்னர் குடியிருக்கும் ஓர் அரண்மனையின் ஆண்டு மதிப்புக்கு விலக்களித்தது. அரண்மனைக்கு உண்டு, அகத்துக்கு இல்லை. வங்கிகளோ கட்டடத்தின் எஞ்சிய ஆயுளைக் கணக்கிட்டுக் கடன் தருவதால், பழைய வீட்டில் மதிப்புடையதாக எஞ்சுவது மனை ஒன்றே. இடித்தால் மட்டுமே கடன் கிடைக்கும் என்னும் நிலை உரிமையாளரை எத்திசையில் தள்ளும் என்பது வெளிப்படை.

பங்கும் பிரிவினையும்

பழைய வீடு இடிபடுவதற்குப் பணமின்மையைக் காட்டிலும் உரிமைச் சிதறலே பெரிய காரணமாகப் பல இடங்களில் அமைகிறது. ஒரு பாட்டனாரின் வீடு இரண்டு தலைமுறைக்குப் பின் பத்துப் பன்னிரண்டு பங்காளிகளின் உடைமையாகிறது. சென்னையில் ஒருவர், வெளிநாட்டில் இருவர், ஊரில் முதியவர் ஒருவர் என்னும் நிலையில், ஓடு மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதே தீராத வினா. ஊரில் இருப்பவர் செலவிட்டால் அது அவரது பங்கைக் கூட்டுவதில்லை. செலவிடாவிட்டால் எல்லாருடைய பங்கும் சேர்ந்தே கரைகிறது.

1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம், துண்டாடத் தகாத சொத்தைப் பாதிக்குக் குறையாத பங்குடையோர் கோரினால் விற்றுப் பணத்தைப் பகிர நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது. அதன் 4ஆம் பிரிவு குடும்பக் குடியிருப்புக்குத் தனிக் கவனம் தந்தது. பங்கொன்றை வாங்கிய அயலார் பிரிவினை கோரி வழக்கிட்டால், அப்பங்கை நீதிமன்ற மதிப்பீட்டில் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளலாம். வீடு குடும்பத்தின் கையில் நிற்க இது துணைசெய்தது. ஆனால் வாங்கும் வலிமையுள்ள குடும்பத்துக்கே அத்துணை பயன்பட்டது.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை குடும்ப வீட்டில் பெண் வாரிசு பிரிவினை கோர இயலாது என விதித்திருந்தது. வீட்டின் முழுமையைப் பெண்ணின் உரிமையைத் தாழ்த்திக் காத்த விதி அது. தமிழ்நாடு 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை அளித்தது. 23ஆம் பிரிவு 2005இல் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. பெண்களுக்குப் பங்கு வந்ததால்தான் பழைய வீடுகள் அழிகின்றன என்னும் குரல் அவ்வப்போது எழுவதுண்டு. அது ஏற்கத்தக்கதன்று. ஆண்கள் மட்டும் பங்காளிகளாக இருந்த காலத்திலும் முற்றத்தின் நடுவே சுவர் எழுந்த வீடுகள் ஏராளம். பங்கு சிதறாமலே வீட்டைப் பொதுவில் ஆளும் அமைப்பு இல்லாமையே குறை. அவ்வமைப்பை இன்றைய சட்டத்துக்குள்ளேயே, குடும்ப அறக்கட்டளையாகவோ பதிவுசெய்த உடன்படிக்கையாகவோ உருவாக்க இயலும். அதற்கான சட்ட ஆலோசனையும் பத்திரப் பதிவுக் கட்டணக் குறைப்பும் அரசு தரத்தக்க, செலவு குறைந்த உதவிகளாகும்.

பிற இடங்களின் முயற்சிகள்

செட்டிநாட்டு வீடுகள் இத்துறையில் மிகுதியாகப் பேசப்படுகின்றன. அவ்வணிகச் சிற்றூர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பல வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறிப் பிழைத்துள்ளன. அதே வட்டாரத்தில் பிரிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்பதும் உண்மை. செட்டிநாட்டு மாதிரியை உத்திரமேரூருக்கு அப்படியே கொண்டுவர இயலாது. மூன்று நான்கு கட்டுகளையுடைய மாளிகைக்குச் சுற்றுலா வருவாய் பொருந்தும். இரண்டு அறையும் ஒரு முற்றமும் உடைய வீட்டில் குடியிருப்பவரே வெளியேறினாலன்றி விருந்தினர்க்கு இடமில்லை.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா வேறொரு வழியைக் காட்டியது. அழியவிருந்த வீடுகளை உரிய இடத்திலிருந்து பிரித்தெடுத்து வந்து மீண்டும் எழுப்பும் முறை அது. கட்டுமான அறிவைப் பதிவுசெய்வதில் அதன் தொண்டு பெரிது. ஆயினும் இடம் பெயர்ந்த வீட்டுக்குத் தெருவும் இல்லை, குடியிருப்பவரும் இல்லை. பராந்தகன் காலக் கல்வெட்டு கோரிய மூன்றனுள் வீடு மட்டுமே அங்கு எஞ்சுகிறது.

உத்திரமேரூருக்கு மிக நெருங்கிய படிப்பினை புதுச்சேரியின் தமிழர் பகுதியில் கிடைக்கிறது. 2000களின் முற்பகுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ், இன்டாக் அமைப்பின் துணையோடு கால்வே சுப்பராயச் செட்டியார் தெரு, அதாவது வைசியாள் தெரு, சீரமைக்கப்பட்டது. தனி வீடு என்றில்லாமல் தெருவையே அலகாகக் கொண்டமை, முகப்பு வேலையின் செலவைத் திட்டமும் உரிமையாளரும் பகிர்ந்துகொண்டமை, வீட்டின் உரிமையில் தலையிடாமை ஆகிய மூன்றும் அம்முயற்சியின் சிறப்புகள். யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது அத்தெருவுக்குக் கிடைத்தது. முகப்பைக் காத்து உள்ளமைப்பைக் கைவிடும் போக்குக்கு அது வழிவிட்டது என்னும் விமரிசனமும் புறக்கணிக்கத்தக்கதன்று.

மும்பை 1995இல் கொணர்ந்த பாரம்பரிய விதிகள், கட்டிக்கொள்ள இயலாத தளப்பரப்பை வேறிடத்துக்கு மாற்றி விற்கும் உரிமையை உரிமையாளருக்கு அளித்தன. தளப்பரப்புக்குப் பெரும் விலையுள்ள மாநகரில் இது பொருளுடையது. பேரூராட்சியில் அவ்வுரிமையை வாங்குவார் இலர்.

இங்கிலாந்தில் கவர்ஸ் குழு 1950இல் அளித்த அறிக்கை, வரலாற்று வீட்டைக் காக்க அதில் வாழும் உரிமையாளரே தக்கவர் என்னும் முடிவுக்கு வந்தது. 1953ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் உரிமையாளருக்கும் செப்பனிடும் மானியம் வழங்க வழிசெய்தது. அங்கு பேசப்பட்டவை பெருநிலக்கிழார்களின் மாளிகைகள் என்பதை மறத்தலாகாது. ஜப்பான் 1975இல் தன் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தைத் திருத்தி உருவாக்கிய மரபுக் கட்டடத் தொகுதிப் பகுதிகள் சிற்றூர்களுக்கு அணுக்கமானவை. அங்கு பகுதியை வரையறுப்பது நகராட்சி அல்லது ஊராட்சி. அவற்றுள் சிறந்தவற்றை மைய அரசு தேர்ந்து, பழுதுபார்க்கும் மானியத்தில் பங்கேற்கிறது. வணிகர் தெருவும் அஞ்சல்வழிச் சிற்றூரும் உழவர் குடியிருப்பும் ஒரே சட்டத்தின்கீழ் வருகின்றன.

உத்திரமேரூருக்குப் பொருந்துவன

தனியார் வீட்டைப் பழுதுபார்க்கப் பொதுப்பணம் செலவிடலாகாது என்னும் தடை தமிழகத்தில் கொள்கையளவில் இன்று இல்லை. 2000–2001ஆம் ஆண்டுக்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட ஊரக வீடுகளைச் செப்பனிடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது. நாற்பது ஆண்டு ஆகிய கான்கிரீட் தொகுப்பு வீட்டைப் பழுதுபார்ப்பது நியாயமாயின், நூறாண்டு ஆகிய ஓட்டு வீட்டைப் பழுதுபார்ப்பதும் நியாயமே. மாறாக, புதிய வீடு வழங்கும் திட்டங்களில் ஓட்டுக்கூரையும் மண்சுவரும் குறைபாடுகளாகவே எண்ணப்படுகின்றன. மழை ஒழுகும் குடிசையில் வாழ்பவர் கான்கிரீட் கூரையை விரும்புவதில் பிழை காண எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் செப்பனிட்டால் நிற்கக்கூடிய கூரைக்கும் இடித்தாலன்றிப் பணம் இல்லை என்பது வேறு செய்தி.

உத்திரமேரூர் பேரூராட்சியாதலால் ஊரகத் திட்டங்கள் அதைச் சூழ்ந்த ஊராட்சிகளுக்கே உரியன. பேரூராட்சிக்குள் பயன்தரக்கூடியது சொத்துவரித் தள்ளுபடியாகும். தள்ளுபடியால் உள்ளாட்சி இழக்கும் தொகையை மாநில அரசு ஈடுசெய்யாவிடில், அதனால் துன்புறுவது தெருவிளக்கும் குடிநீரும்தாம். தடைப் பகுதிக்குள் பழைய முறையில், சுண்ணாம்பும் ஓடும் மரமும் கொண்டு செய்யப்படும் செப்பனிடலுக்குத் தனியான, விரைந்த ஒப்புதல் முறை ஏற்படுமாயின், செலவே இல்லாமல் பெரும் உதவி கிட்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு உடன்படிக்கையைச் சில வீடுகளுக்கேனும் செய்துபார்க்கலாம். தொல்லியல் துறை தன் சின்னங்களின் பணிக்கு அமர்த்தும் சுண்ணாம்புக் கொத்தனார்களின் உழைப்பும் அரைத்த சாந்தும் அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் விலைக்குக் கிடைக்கும்படி செய்தால், கைத்திறனுக்கு ஆண்டு முழுவதும் வேலை அமையும். உரிமையாளரும் சிமெண்டை நாட வேண்டியிராது.

இவை அனைத்துக்கும் முன்னர் வேண்டப்படுவது ஓர் ஆவணக் கணக்கெடுப்பு. 18ஆம் நூற்றாண்டில் பர்னார்ட் மேற்பார்வையில் செங்கல்பட்டுப் பகுதியின் ஊர்கள் வீடு, நிலம், நீர்நிலை எனக் கணக்கிடப்பட்டன. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் ஓலைக் கணக்குகள் பதிப்பிக்கப்பட்டு ஆய்வாளர் கைக்குக் கிடைத்துள்ளன. அக்கணக்குகளோடு இன்றைய நத்தப் பதிவேட்டை ஒப்பிட்டு, தெருவாரியாக வீட்டின் அளவு, கட்டுமானப் பொருள், உரிமை வரலாறு, குடியிருப்போர் நிலை ஆகியவற்றைப் பதிதல் வேண்டும். அக்கணக்கெடுப்பு அக்கிரகாரத்திலும் வேளாளர் தெருவிலும் தொடங்கி அங்கேயே நின்றுவிடலாகாது. நெசவாளரின் தறிக்கூடமும், கம்மாளர் பட்டறை வீடும், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதன்முதலாக மனைப் பட்டா பெற்ற தொழிலாளர் குடியிருப்பும் அதில் இடம்பெறுதல் வேண்டும். கடைசியாகக் குறித்த வகையில் சுவர் பழமையானதாக இராது. தன் மனையில் தானே எடுத்த அகம் என்பது அங்கு அரை நூற்றாண்டு வரலாறே உடையது. அதற்குச் சான்றான பட்டாக்களும் அனுபோகதாரர் பதிவுகளும் வட்டாட்சியர் அலுவலகக் கோப்புகளிலும் அவ்வீடுகளின் பெட்டிகளிலும் உள்ளன. சுவரை வரைபடமாக்குவோர் அத்தாள்களையும் அப்பொழுதே படியெடுத்துக்கொள்ளுதல் வேண்டும்.